பழைய கேபினட்டில் புது மதர்போர்டு: சேராத ஓட்டைகளை என்ன செய்வது?

கேபினட்டில் மதர்போர்டை வைத்துப் பார்த்துவிட்டு, "மூணு ஓட்டைதான்ணே சேருது, மத்ததுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல, மாட்டலாமா?" என்று போட்டோவோடு கேட்பவர்கள் எனக்கு நிறைய. தாராளமாக மாட்டலாம். அந்த போட்டோவில் நான் முதலில் தேடுவது வேறு ஒன்றை: ஓட்டையே இல்லாத இடத்தில், போர்டுக்கு அடியில் தலை நீட்டிக்கொண்டு ஏதாவது பித்தளைக் கால் நிற்கிறதா என்று. ஸ்டாண்ட்ஆஃப் என்று கடையில் கேட்டால் கொடுப்பார்களே, அந்த அறுகோணக் கால். கால் கிடைக்காத ஓட்டையால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. ஓட்டை கிடைக்காத கால் போர்டையே காவு வாங்கிவிடும்.

ஒரு போர்டைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். 24 பின் கனெக்டர், சிபியு பவர் கனெக்டர், ஆடியோ ஜாக், ராம் ஸ்லாட் எல்லாவற்றின் கால்களும் ஈயத்தோடு முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கும். விரலை ஓட்டினால் கீறும். அதில் சிலவற்றில் 12 வோல்ட், சிலவற்றில் 5, சிலவற்றில் 3.3. கேபினட் முழுக்க கிரவுண்ட். இந்த இரண்டையும் பிரித்து வைத்திருப்பது அந்தக் கால்கள் கொடுக்கும் ஆறு மில்லிமீட்டர் சொச்சம் இடைவெளி மட்டும்தான். தப்பான இடத்தில் நிற்கும் ஒரே ஒரு கால் போதும், 12 வோல்ட் நேராகத் தகரத்தில் இறங்கிவிடும். அதிர்ஷ்டம் இருந்தால் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் உடனே தன்னை அணைத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் புகை.

"எல்லா ஸ்க்ரூவும் போட்டாத்தானே எர்த் கிடைக்கும்?" என்று அடுத்து கேட்பார்கள். ஓட்டையைச் சுற்றி வெள்ளி நிறத்தில் ஒரு வளையம் இருக்கிறதே, அது போர்டின் கிரவுண்டோடு சேர்ந்ததுதான், உண்மை. ஆனால் போர்டுக்கு வேண்டிய கிரவுண்ட் அந்த வழியாக மட்டும் வரவில்லை. 24 பின் கனெக்டரிலேயே எட்டு கறுப்பு வயர்கள் கிரவுண்டுக்கென்று வருகின்றன, சிபியு கனெக்டரில் இன்னும் இரண்டோ நான்கோ. ரிப்பேர் கடைகளில் போர்டை அட்டைப்பெட்டி மேல் வைத்து ஓட்டிப் பார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதற்கு ஒரு ஸ்க்ரூகூடக் கிடையாது. எல்லா ஸ்க்ரூவும் இருந்தால் ரேடியோ இரைச்சல் குறையும், போர்டு ஆடாமல் இருக்கும். இரண்டு ஸ்க்ரூ குறைந்தால் கம்ப்யூட்டர் ஓடாமல் போய்விடாது.

சரி, இந்த ஓட்டைகள் ஏன் சேராமல் போகின்றன? 1984-ல் வந்த ஐபிஎம் ஏடி காலத்துப் போர்டுகளில் பின்பக்கம் போர்டோடு ஒட்டி வருவது பெரும்பாலும் கீபோர்ட் சாக்கெட் மட்டும்தான், மீதியெல்லாம் கார்டுகளில் வரும். 1995-ல் இன்டெல் ஏடிஎக்ஸ் அளவைக் கொண்டுவந்தது: 305 மில்லிமீட்டருக்கு 244. 1997 கடைசியில் அதன் கீழ்ப்பகுதியை வெட்டி 244-க்கு 244 என்று மைக்ரோ ஏடிஎக்ஸ். 2001-ல் வியா நிறுவனம் 170-க்கு 170 என்று மினி ஐடிஎக்ஸ். மூன்றையும் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். பின்பக்க பேனலை ஒட்டிய மேல் மூலையிலிருந்து அளக்கத் தொடங்கினால் மூன்றிலும் முதல் நான்கு ஓட்டைகள் ஒரே இடம். மினி ஐடிஎக்ஸ் போர்டை பெரிய டவர் கேபினட்டில் மாட்ட முடிவது இதனால்தான். அந்த மேல் மூலை ஓட்டை மட்டும் யுஎஸ்பி, விஜிஏ போர்ட்டுகளுக்கு இடம் விடுவதற்காக நேர்கோட்டிலிருந்து 0.9 அங்குலம் உள்ளே தள்ளி இருக்கும். கோணலாக இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம், அது அப்படித்தான்.

கீழே போகப் போகத்தான் வம்பு. நடு வரிசை, மேல் வரிசையிலிருந்து 6.2 அங்குலம், இது எல்லோருக்கும் பொது. அதற்குக் கீழே, ஏடிஎக்ஸில் அடுத்த வரிசை இன்னும் 4.9 அங்குலம் தள்ளி. மைக்ரோ ஏடிஎக்ஸில் வெறும் 1.8 அங்குலம். இந்த 1.8-ல்தான் பாதிப்பேர் மாட்டிக்கொள்கிறார்கள். முன்பு மைக்ரோ போர்டு இருந்த கேபினட்டில் பெரிய ஏடிஎக்ஸ் போர்டைத் தூக்கி வைக்கும்போது, அந்த 1.8 அங்குல வரிசையில் நிற்கும் கால்கள் சரியாக ஸ்லாட்டுகளுக்கு அடியில் போய் நிற்கும். மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. தலைகீழாகச் செய்தால், அதாவது ஏடிஎக்ஸ் கேபினட்டில் மைக்ரோ போர்டை வைத்தால், ஏடிஎக்ஸின் கீழ் வரிசைக் கால்கள் போர்டுக்கு வெளியே சும்மா நிற்கும். அவற்றால் தொல்லை இல்லை. போர்டை இறக்குவதற்கு முன் ஓட்டைகளை எண்ணி, அதற்கு மேல் கேபினட்டில் ஒரு கால்கூட இல்லாமல் கழற்றிவிடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதற்காகத்தான்.

இதெல்லாம் அளவுக்குக் கட்டுப்பட்டவர்களின் கதை. ஆபீஸ்களுக்கென்று மொத்தமாக விற்கப்படும் பிராண்டட் டவர்கள் வேறு ரகம். சிலவற்றில் போர்டு நிற்கும் தட்டில் கழற்றக்கூடிய கால்களே கிடையாது, தகரத்தையே உள்ளிருந்து அழுத்தி மேடாக்கி, அந்த மேட்டின் உச்சியில் மரை வெட்டியிருப்பார்கள். பின்பக்க போர்ட்டுகளுக்கான துளைகளும் கேபினட்டின் முதுகிலேயே அந்த ஒரு போர்டுக்கென்று வெட்டப்பட்டிருக்கும். 2000-களின் நடுவில் வந்த சில டவர்கள் பிடிஎக்ஸ் என்ற அமைப்பில் வந்தவை. இன்டெல் 2006-ல் அதைக் கைவிட்டுவிட்டது. அதில் எல்லாமே கண்ணாடியில் பார்ப்பது போல இடம் வலம் மாறியிருக்கும், அந்தக் கேபினட் கையில் வந்தால் ஓட்டை போடும் யோசனையே வேண்டாம், பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.

இன்னொரு பக்கம், இப்போது மலிவாகக் கிடைக்கும் எச்61 போர்டுகள். எச்61 என்பது 2011-ல் வந்த இன்டெல் சிப்செட், அதாவது போர்டின் முக்கிய சிப். பழைய ஐ3, ஐ5 சிபியுகளுக்கு உயிர் கொடுக்க அதை வைத்துச் சீனாவில் இன்னும் புதுப் போர்டு செய்கிறார்கள், வேகமான எஸ்எஸ்டிக்கான என்விஎம்இ ஸ்லாட்கூட வைத்து. பெட்டியில் மைக்ரோ ஏடிஎக்ஸ் என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பது சுமார் 19 சென்டிமீட்டருக்கு 17. பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக எண்ணினால் மூன்றாவது வரிசை ஓட்டைகள், பின் ஓரத்திலிருந்து கிட்டத்தட்ட 23.7 சென்டிமீட்டரில் இருக்க வேண்டும், போர்டே 17-ல் முடிந்துவிடுகிறது, அப்புறம் எங்கே ஓட்டை?

என் தங்கை வீட்டுக் கம்ப்யூட்டரில் இந்த இரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்தன. மச்சான் ஆபீசில் கழித்துக்கட்டிய டவர், உள்ளே இருந்த போர்டு போய்விட்டது, சிபியுவும் ராமும் நன்றாக இருக்கின்றன. ஒரு எச்61 போர்டு வாங்கினோம். "கேபினட்டும் புதுசா வாங்கிரலாமே மாப்ள" என்றார் மச்சான். நான்தான் வேண்டாம் என்றேன். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு இன்று விற்கும் கேபினட்டுகளின் தகரம் இரண்டு விரலால் அழுத்தினாலே நெளிகிறது, முன்னால் கலர் லைட் மட்டும் நான்கு எரிகிறது. இந்தப் பழைய டவர் கனமான எஃகு, மேலே ஆள் உட்கார்ந்தாலும் தாங்கும். அதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. அதோடு, எஸ்எம்பிஎஸ் வழக்கமான 24 பின் வகையாக இருந்தது. பிராண்டட் டவர்களில் இது எப்போதும் நடக்காது, சிலவற்றில் எட்டு பின்னோ ஆறு பின்னோ வைத்து எஸ்எம்பிஎஸ்ஸையும் தனி ஜாதியாக்கி வைத்திருப்பார்கள். அப்படி இருந்திருந்தால் நானும் மச்சான் பக்கமே சாய்ந்திருப்பேன்.

போர்டைத் தட்டின் மேல் வைத்துப் பார்த்ததில் இரண்டு மேடுகள் ஓட்டைகளுக்கு நேராக வந்தன. இரண்டு மேடுகள் ஈய முட்களுக்கு நேர் கீழே, அதில் ஒன்று சிபியு பவர் கனெக்டருக்கு அடியிலேயே. போர்டின் கீழ் ஓரத்தில் தயாரித்தவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு இரண்டு ஓட்டைகள் போட்டிருந்தார்கள், அவை எந்த அளவோடும் சேராதவை.

ஸ்டாண்ட்ஆஃப் வாங்க சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன்.

"அண்ணே, மதர்போர்டு ஸ்டாண்ட்ஆஃப் தனியா கிடைக்குமா?"

"எத்தனை தம்பி, நாலா? பாக்கெட்டாவே எடுத்துக்க. 6-32-ஆ, எம்3-யா?"

இதைக் கேட்கிற கடைக்காரர் கிடைத்தால் விடாதீர்கள். 6-32 என்பது அங்குல மரை, தடித்தது, எம்3 மில்லிமீட்டர் மரை, மெல்லியது. எம்3 ஸ்க்ரூவை 6-32 காலில் போட்டால் லொடலொடவென்று ஆடும். 6-32 ஸ்க்ரூவை எம்3 காலில் திருகினால் இரண்டு சுற்றிலேயே மரை போய்விடும், அப்புறம் ஸ்க்ரூவும் வராது, காலும் வராது. காலும் ஸ்க்ரூவும் நட்டும் ஒரே இனமாக வாங்குவது நல்லது. நான் எம்3 எடுத்துக்கொண்டேன், நட்டு எங்கும் கிடைக்கும். கூடவே சிவப்பு ஃபைபர் வாஷர் ஒரு பொட்டலம், வெள்ளை பிளாஸ்டிக் கால்கள் கொஞ்சம். உயரத்தையும் கவனிக்க வேண்டும். கடையில் கிடைக்கும் கால்களில் ஐந்து மில்லிமீட்டரும் உண்டு, பத்தும் உண்டு. தட்டில் ஏற்கெனவே இருக்கும் மேடு எவ்வளவோ அதே உயரம்தான் வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கூடினால்கூட கிராபிக்ஸ் கார்டின் முனையில் ஸ்க்ரூ போடும் தகரப் பட்டை கேபினட்டில் சரியாக உட்காராமல், கார்டின் வால் பக்கம் ஸ்லாட்டிலிருந்து எழும்பும்.

இனி முக்கியமான வேலை, புது ஓட்டைகளுக்குக் குறி போடுவது. பலர் போர்டை ஏதோ கண்ணளவில் வைத்து ஓட்டை வழியாக ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைத்துவிடுகிறார்கள். புள்ளி சரியாக இருக்கும், போர்டு நின்ற இடம் தப்பாக இருக்கும். முதலில் போர்டின் இடத்தை முடிவு செய்கிறவை இரண்டுதான்: பின்பக்க போர்ட்டுகளும், எக்ஸ்பான்ஷன் கார்டின் பட்டை வெளியே வரும் சந்தும். எனவே, ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டைப் போர்டின் ஸ்லாட்டில் செருகி, கார்டின் பட்டையைக் கேபினட்டின் முதுகில் ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிடுங்கள். இப்போது போர்டு இஷ்டத்துக்கு நகராது. உயரத்துக்கு அடியில் நான்கு கால்களைத் தளர்வாக நிறுத்திக்கொள்ளலாம். ஏற்கெனவே சேரும் இரண்டு மேடுகளில் ஸ்க்ரூவை லேசாக முடுக்கியபின் குறி போட்டால் அரை மில்லிமீட்டர்கூடத் தப்பாது. ஓட்டையின் விட்டமே நான்கு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, அதில் மூன்று மில்லிமீட்டர் ஸ்க்ரூ போகிறது, கொஞ்சம் அப்படி இப்படி இருந்தாலும் மன்னித்துவிடும்.

டிரில் போடும்போது கேபினட்டில் எதுவும் இருக்கக் கூடாது. எஸ்எம்பிஎஸ்கூட. இரும்புத் துகள் ஒன்று எஸ்எம்பிஎஸ் ஜாலிக்குள் போய்விட்டால் அது எப்போது வேலையைக் காட்டும் என்று சொல்ல முடியாது. சென்டர் பஞ்ச்சால் ஒரு தட்டு, இல்லாவிட்டால் டிரில் பிட் வழுக்கிக்கொண்டு போகும், அப்புறம் 3.2 மில்லிமீட்டர் பிட். தட்டின் தகரம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, அதில் மரை வெட்டி ஸ்க்ரூவைப் பிடிக்கவைக்க நினைப்பது வீண், ஒன்றிரண்டு சுற்று மரைதான் கிடைக்கும். காலின் கீழ்முனையை ஓட்டையில் விட்டு அடியில் நட்டு போட்டு முடுக்கினால் போதும். நட்டு பக்கவாட்டுக் கதவில் இடிக்காமல் இருக்கிறதா என்று மட்டும் கதவை ஒருமுறை மூடிப் பார்த்துக்கொள்ளுங்கள். துளையின் ஓரப் பிசிறை அரத்தால் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து, புளோயரால் ஊதி, மறுபடியும் துடையுங்கள். ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை பாலிதீன் பையில் போட்டு மேலே ஓட்டினால் மிச்சத் துகளும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும், பையைத் திருப்பினால் தானாக உதிரும்.

வேண்டாத மேடுகளை என்ன செய்வது? தட்டுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து, மேலிருந்து சுத்தியலால் இறக்கலாம். முழுதாக மட்டமாகாது, இழுபட்ட தகரம் கொப்பளம் போலக் கொஞ்சம் எழும்பித்தான் நிற்கும். பாதி உயரத்துக்கு இறங்கினாலே முட்களுக்கும் அதற்கும் நடுவில் இடைவெளி கிடைத்துவிடுகிறது. அதன்மேல் ஃபைபர் வாஷர் வைத்து, சூடு தாங்கும் காப்டான் டேப் இரண்டு அடுக்கு. சாதாரண இன்சுலேஷன் டேப் வேண்டாம், சூட்டில் பிசின் இளகி நாளடைவில் நழுவிவிடும். போர்டு சுற்றி வரும் சாம்பல் நிறப் பையை அடியில் விரித்துவிடுகிறவர்களும் உண்டு. அந்தப் பை ஸ்டாட்டிக் மின்சாரத்தை மெல்லக் கடத்திவிடுவதற்கென்றே செய்தது, அதை இன்சுலேட்டர் என்று நம்புவது ஆபத்து.

வெள்ளை பிளாஸ்டிக் கால் வாங்கினேன் என்றேனே, அதற்கு ஏடி காலத்து ஒரு வித்தை இருக்கிறது. அந்தக் கால்களின் மேல்முனை அம்பு மாதிரி, போர்டின் ஓட்டையில் அமுக்கினால் டப்பென்று பிடித்துக்கொள்ளும். கீழ்முனை கேபினட்டின் சாவித்துளை வடிவச் சந்தில் வழுக்கிக்கொண்டு போய் உட்கார வேண்டும். கேபினட்டில் சந்து இல்லாவிட்டால் அன்றைய அசெம்பிளர்கள் கீழ்முனையை பிளேடால் சீவிவிடுவார்கள். கால் போர்டிலேயே தொங்கும், தகரத்தில் சும்மா ஊன்றி நிற்கும். பிடிமானம் கிடையாது, ஆனால் மேலிருந்து அழுத்தும்போது போர்டு வளையாது. கீழ் ஓரத்தின் அந்த இரண்டு அனாதை ஓட்டைகளுக்கும் நான் டிரில்லைத் தூக்கவே இல்லை, சீவிய பிளாஸ்டிக் கால்தான்.

ஓட்டையே இல்லாத வலது ஓரத்துக்கும் இப்படி ஏதாவது ஊன்றுகோல் தேவை. குட்டைப் போர்டுகளில் ராம் ஸ்லாட்டும் 24 பின் கனெக்டரும் அந்த ஓரத்தில்தான் இருக்கின்றன, அந்தரத்தில். கனெக்டரை அழுத்தும்போது போர்டு கண்ணெதிரே வளையும். அடிக்கடி வளைந்தால் உள்ளே இருக்கும் மெல்லிய செம்புக் கோடுகளும் சிப்புகளின் ஈயமும் விட்டுப்போகும், அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. தலையில் வாஷர் ஒட்டிய பிளாஸ்டிக் கால் ஒன்றை ஈய முள் இல்லாத வெற்று இடம் பார்த்துத் தட்டில் பசையால் ஒட்டிவிட்டேன். ராமையும் 24 பின் வயரையும் போர்டு வெளியே மேஜையில் இருக்கும்போதே செருகிவிட்டால் இன்னும் நல்லது, வயர் நீளம் இடம் கொடுத்தால்.

கேபினட்டின் முதுகைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பின்பக்க போர்ட்டுகளைச் சுற்றி மாட்ட, போர்டோடு வரும் துளை போட்ட தகரத் தட்டு எல்லாப் போர்டுக்கும் ஒரே வெளி அளவு, 6.25 அங்குலத்துக்கு 1.75. பழைய டவரின் முதுகில் அந்த அளவுக்குக் கோடு போட்டு, ஹேக்சா பிளேடைத் துணி சுற்றிக் கையில் பிடித்து அறுத்தேன், மூலைகளை அரத்தால் தேய்த்தேன். சிரமமான வேலை, கை காப்பு காய்க்கும். சும்மா திறந்து விட்டுவிடக் கூடாதா என்றால், நம் ஊரில் விடக் கூடாது. பல்லிக்குச் சூடான இருட்டு இடம் என்றால் கொள்ளைப் பிரியம். எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அடியிலும் சிபியு கனெக்டர் பக்கத்திலும் கருகிப்போன பல்லிகளை நான் பார்த்திருக்கிறேன், கூடவே கருகிய போர்டையும்.

எல்லாம் முடுக்கியபின் கரண்ட் கொடுப்பதற்கு முன்னால் ஒரு சோதனை. மல்டிமீட்டரை பீப் அடிக்கும் இடத்தில் வைத்து, ஒரு முனை கேபினட்டின் பெயின்ட் இல்லாத இடத்தில், இன்னொரு முனை போர்டின் 12 வோல்ட் பின்னில், அதாவது மஞ்சள் வயர் வந்து சேரும் இடத்தில். தொடர்ந்து பீப் அடித்தால் எங்கோ தொடுகிறது, கழற்றுங்கள். சத்தம் வரவில்லை என்றால் சுவிட்சைப் போடலாம். ஃபேன் ஒரு நொடி சுற்றி நின்றுவிட்டாலோ, அசையவே இல்லை என்றாலோ, உடனே போர்டு போச்சு என்று முடிவு கட்ட வேண்டாம். போர்டை வெளியே எடுத்து அட்டைப்பெட்டி மேல் வைத்து அதே எஸ்எம்பிஎஸ்ஸில் ஓட்டிப் பாருங்கள். வெளியே ஓடி, உள்ளே ஓடாவிட்டால் குற்றவாளி ஏதோ ஒரு கால்தான்.

கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று அடிக்கிறது என்று சொல்பவர்களும் காலைத்தான் சந்தேகப்படுகிறார்கள். அது பெரும்பாலும் வீட்டு எர்த் விவகாரம். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள், மூன்றாவது பின் எங்கும் போய்ச் சேராத வீடுகளில், மின்சாரத்தில் பாதியளவு வோல்டேஜைக் கேபினட்டில் மிதக்கவிடும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் ஆளைக் கொல்லாது, ஆனால் எர்த்தைச் சரிசெய்ய எலக்ட்ரீசியனைக் கூப்பிட வேண்டியதுதான். மதர்போர்டு ஸ்க்ரூவைக் கழற்றி மாட்டினால் அது போகாது.

தங்கை வீட்டு டவர் ஓடியது. முன்பக்க பட்டனுக்கு மட்டும் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பழைய பிராண்டட் வயர் ஒரே கட்டியாக வருகிறது, அதில் எந்த இரண்டு வயர் பட்டனுக்கு என்று எங்கும் எழுதியிருக்காது. பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மல்டிமீட்டரில் எந்த ஜோடி பீப் அடிக்கிறது என்று தேடி, அதை வெட்டி, வேறு ஒரு கேபினட்டிலிருந்து எடுத்த பெண் பின்னை வைத்து ஈயம் போட்டேன். பவர் லைட்டை விட்டுவிட்டேன். அது இரண்டு நிற எல்இடி, மூன்று வயர், அதற்கு ஒரு ரெசிஸ்டரும் இன்னொரு ஞாயிற்றுக்கிழமையும் வேண்டும். "ஃபேன் சத்தம் கேக்குதுல்ல, ஆன்ல இருக்குன்னு தெரியாதா" என்று தங்கையே சொல்லிவிட்டாள்.